பாவோராவின் துப்பாக்கியை வெட்டலாமா?

வைரோவா ஊருக்கு மேலே, ஆற்றோர வீடு
மார்ச் மாதம், மழை நாள்

'மலையும் மானும்' மாத இதழின் ஆசிரியராக இருக்கும் மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

நோர்மன் டகெட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும் அச்சுக்கோப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். நாயும் நலம். இது வரைக்கும் எழுதுவதற்குள் தேநீர் ஆறி, மறுபடி போட்டு, அதுவும் ஆறிவிட்டது. ஆனாலும் எனக்கு அலுக்கவில்லை. என் வாழ்நாளில் நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒவ்வொரு முற்றுப்புள்ளி வைக்கும்போதும் வேலிக்கம்பை அடித்து இறக்கிய திருப்தி வருகிறது. எழுபது தாண்டிய பிறகு, போன குளிர்காலத்தில்தான் நூலகத்து வகுப்பில் எழுத்து கற்றேன். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்பீர்கள். அதுவரை அவசியப்படவில்லை. எனக்குப் படித்துச் சொல்ல பாவோரா இருந்தான்.

பாவோராவும் நானும் வாலிபத்தில் ஒரே கடையில், ஒரே பீப்பாயிலிருந்து ஆளுக்கொரு த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி எடுத்தோம். பட்டாளம் கழித்துப் போட்டவை அவை. கிரீஸ் பூசி, துடைப்பக்கட்டை மாதிரி பீப்பாயில் செருகி வைத்திருப்பார்கள். குழல் நுனி வரைக்கும் மரம் மூடியிருக்கும், நுனியில் இரும்பு மூக்கு. எங்கள் பக்கத்தில் அதை வாங்கியவன் வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை ரம்பத்தைத் தேடுவதுதான். முன்பாதி மரத்தை அறுத்து, இரும்பு மூக்கைக் கழற்றி எறிந்தால் முன்பாரம் போய்விடும், தோளில் போட்டு மலை ஏறலாம். நானும் அறுத்தேன். பாவோரா அறுக்கவில்லை. "போருக்குப் போயிட்டு முழுசா திரும்பி வந்திருக்குடா. ஊருக்கு வந்தப்புறமா காலை எடுப்பே?" என்றான். "அதுக்குக் காலும் இல்ல, உனக்கு மூளையும் இல்ல" என்றேன். அந்தச் சண்டை ஐம்பது வருஷம் நடந்தது. அவன் துப்பாக்கி குறி வைத்த இடத்தில் சுட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தை அறுத்த பிறகு என்னுடையது இடதுபக்கம் இழுக்கும். மானைக் குறி வைத்தால் மானுக்கு இடப்பக்கத்து மரத்தில் பட்டை தெறிக்கும். அதனால் நான் எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் பார்த்தே சுட்டுப் பழகினேன்.

எனக்கு எழுத்து தெரியாதென்று பாவோராவுக்குத் தெரியும். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கடையிலோ அரசாங்க ஆபீஸிலோ யாராவது தாளை நீட்டினால், "நோர்ம் கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டான், இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொள்வான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. என்னிடம் கண்ணாடியே கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் மலைக் குடிசையில் நான் அடுப்பைப் பார்த்துக்கொள்வேன், அவன் உங்கள் இதழைச் சத்தம் போட்டுப் படிப்பான். ஆசிரியர் அவர்களே, இங்கேதான் என் புகார் ஆரம்பிக்கிறது. துப்பாக்கி மரத்தை வெட்டுகிறவனுக்கு நாற்பது வயதுக்குள் வழுக்கை விழும் என்று ஒரு டாக்டர் உங்கள் இதழில் எழுதியதாகப் படித்தான். எனக்கு முப்பத்தெட்டில் விழுந்தது, நம்பினேன். தெற்கே ஒருவன் வெட்டிய அன்றே பெண்டாட்டி ஓடிப்போனாள், நாய் அவளோடு போயிற்று என்று இன்னொரு மாதம் படித்தான். பாவோரா போய்ச் சேர்ந்த பிறகு அவன் மனைவி ரீப்பெகா ஆப்பிள் பெட்டி நிறைய பழைய இதழ்களைக் கொடுத்தாள். விரலை வைத்து வைத்து எல்லாவற்றையும் படித்துவிட்டேன். டாக்டரும் இல்லை, ஓடிப்போன பெண்டாட்டியும் இல்லை. மாறாக, அட்டையில் காட்டுப்பன்றி போட்ட இதழில், பட்டாளத்துத் துப்பாக்கியை வேட்டைக்கு ஏற்றபடி அழகாக வெட்டுவது எப்படி என்று படம் போட்டு ஒரு கட்டுரையே இருக்கிறது! அதை அவன் எனக்கு ட்ரௌட் மீன் சமைப்பது பற்றிய கட்டுரை என்று படித்துக் காட்டினான். அவசரத்தில் மரம் என்று வந்த இடத்திலெல்லாம் மீன் என்று போட்டிருக்கிறான். அதனால்தான் மீனை நாரோட்டத்தின் வழியே உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, இரண்டு நாள் நிழலில் காயவிட வேண்டும் என்று நான் நம்பினேன். ஒருமுறை அப்படியே செய்து, என் மாமியாருக்கும் பரிமாறினேன். மாமியார் அதற்குப்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இந்த இடத்தை எழுதும்போது சிரித்துச் சிரித்துப் பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு எடுக்க வெகுநேரம் ஆயிற்று. சிரிப்பைச் சொல்வதற்குத் திரும்பிப் பார்த்தால் நாய்தான் இருக்கிறது.

போன ஏப்ரலில், கலைமான்கள் இணை தேடி உறுமத் தொடங்கிய வாரம், பாவோரா ஆஸ்பத்திரியில் கிடந்தான். "துப்பாக்கி உனக்குத்தான்டா" என்றான். நான், "குடுத்தா அன்னைக்கே ரம்பத்த எடுத்துருவேன், பாத்துக்க" என்றேன். அவன் எழுந்து உட்கார்ந்து திட்டுவான் என்று பார்த்தேன். அதற்காகத்தான் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "இனி உன் இஷ்டம்" என்றான். அவ்வளவுதான். ஐம்பது வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியவன் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனால், வெட்டுவதற்கு எப்படிக் கை வரும், வெட்டாமல்தான் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அதை முடிவு செய்தாக வேண்டும். அவன் ஜனங்களின் வழக்கப்படி, வருஷம் திரும்பும் நாளில் பாவோராவின் கல்லறைக் கல்லின் மேல் போர்த்திய துணியை எடுப்பார்கள். அன்று அவர்கள் கூடும் பொது இடமான மராயே மண்டபத்தில் ஊருக்கே விருந்து. இத்தனை வருஷம் அந்த மண்டபத்து விருந்துகளுக்கு மான் கொண்டுவந்தது அவன் துப்பாக்கி. ரீப்பெகா சொல்லிவிட்டாள்: "மருமகப் பசங்க கொண்டார்றது கொண்டாரட்டும். மேசையில ஒரு தட்டாவது அவன் துப்பாக்கி கொண்டுவந்ததா இருக்கணும். நீதான் போகணும், நோர்ம்." சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து துப்பாக்கியைத் தூக்கினேன். குதிரை தள்ளி உடைந்த தோள் ஐயா, எனக்கு. துப்பாக்கியின் பின்பக்கம் எழும்புகிறது, மூக்குப் பக்கம் எழும்பவில்லை. மானின் குளம்பைத்தான் சுடலாம். முன்பாரம் போனால் தூக்கிவிடுவேன். போகாவிட்டால் வாக்குப் பொய்.

துப்பாக்கி பழுது பார்க்கும் டெஸ்ஸிடம் கொண்டுபோனேன். அவன் தூக்கிப் பார்த்து, மரத்தையும் குழலையும் சேர்த்துப் பிடிக்கும் நடு வளையத்தின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இங்க அறுத்தா நூல் பிடிச்சாப்ல இருக்கும் தாத்தா. ஆனா அறுத்த மரம் அறுத்ததுதான், அப்புறம் ஒட்டிக் குடுன்னு எங்கிட்ட வரக்கூடாது" என்றான். இதற்குள் விஷயம் பரவி, பழைய ஆயுதம் சேகரிக்கும் விண்டர்ட்டன் என்பவர் காரில் வந்து இறங்கினார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, உருப்பெருக்கி வைத்து, குழந்தைக்கு மாந்தம் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஒரு கீறல் இல்லாத முழு மரம்! இதை வெட்டுறது கொலை, மிஸ்டர் டகெட்" என்றார். பதிலாக எடை குறைந்த புதுத் துப்பாக்கி ஒன்று தருவதாகவும் சொன்னார். ரீப்பெகாவிடம் போய்ச் சொன்னேன். "கையுறையா? அந்தத் துப்பாக்கிய முதுகுல மாட்டிக்கிட்டே பன்னிக்குக் குடல் உருவினவன் என் புருஷன்" என்றாள். "சரி, வெட்டவா வேணாமா, அதச் சொல்லு" என்றேன். "உன் இஷ்டம்னுதானே சொன்னான்? என் இஷ்டம்னு சொல்லலியே" என்று உருளைக்கிழங்கு தோல் சீவப் போய்விட்டாள்.

ஆகையால் உங்களைக் கேட்கிறேன். வெட்டலாமா, கூடாதா? உங்கள் இதழில் நிஜமாகவே அச்சாகும் பதிலை, நானே என் கண்ணால் படித்து, அதன்படி நடப்பேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.

உங்கள் தோட்டா நனையாதிருக்கட்டும். உங்கள் குடிசை ஒழுகாதிருக்கட்டும். காட்டுக்குப் போன உங்கள் ஆட்களும் நாய்களும் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன் (கேட்டது நெடுநாள், வாசித்தது இந்த வருஷம்)
நோர்மன் டகெட்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். ஆறு பெருகி ரோட்டை அடித்துக்கொண்டு போனதில் தபால் வண்டி வரவில்லை. கடிதம் மேசையிலேயே கிடக்க, ஏப்ரல் வந்துவிட்டது. உங்களுக்காகக் காத்திருக்க முடியாமல் நானே ரம்பத்தை எடுத்தேன். வெட்டு வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று முதலில் நடு வளையத்தைக் கழற்றினேன். இரும்பு மூக்கையும் கழற்றினேன். முன்பாதி மரம் தானாகவே என் கையோடு வந்துவிட்டது.

ஆசிரியர் அவர்களே, அது ஏற்கெனவே அறுத்த மரம். பாவோரா உள்ளே இரண்டு மர ஆணி அடித்து, பசை போட்டு, ஒட்டு வெளியே தெரியாதபடி வளையத்தை மேலே பூட்டியிருக்கிறான். பசை உலர்ந்து பொடியாகிவிட்டது. ஒரு விளிம்பில் நெருப்புப் பட்ட கறுப்பு. இரண்டு துண்டையும் தூக்கிக்கொண்டு ரீப்பெகா வீட்டுக்கு ஓடினேன்.

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? பசை காய்ஞ்சது என் அடுப்படியிலதானே. கல்யாணமான புதுசு. உனக்கு மீனுன்னு படிச்சுக் காட்டிட்டு, வீட்டுக்கு வந்து அதே பக்கத்த விரிச்சு வெச்சுக்கிட்டுத்தான் அறுத்தான். அறுத்து, துண்ட அடுப்புல போட்டுட்டு, போட்ட கையோட உள்ள கைய விட்டு எடுத்தான். கை கொப்புளிச்சுப் போச்சு. ரெண்டு நாள் சாப்பிடல."

"பன்னிய வாட்டும்போது சுட்டுக்கிட்டதுன்னு எங்கிட்டச் சொன்னானே! இத்தன வருஷம் ஏன் ஒரு வார்த்த சொல்லல நீ?"

"சொன்னா அவன் உங்கிட்ட எத வெச்சுச் சண்ட போடுவான்? மழ பேஞ்சா ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க."

முன்பாதியை அவள் அடுப்படியிலேயே வைத்துவிட்டு, மீதியைத் தோளில் போட்டு மலை ஏறினேன். தூக்க முடிந்தது. மான் உறுமிக்கொண்டு எதிரே வந்தது. முன்மரம் இல்லாததால் பாவோராவின் துப்பாக்கியும் இப்போது இடதுபக்கம் இழுக்கும் என்று எனக்குத் தெரியும். அது எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம். வலப்பக்கம் பார்த்துச் சுட்டேன். தட்டு மேசைக்கு வந்தது. இறங்கி வந்த அன்றே மர ஆணி புதுசாகச் செதுக்கி, பசை போட்டு, ரீப்பெகாவின் அடுப்புப் பக்கத்தில் காயவைத்து, வளையத்தைப் பூட்டிவிட்டோம். விண்டர்ட்டன் மறுபடி வந்தால் கையுறையோடு பார்க்கட்டும்.

கல்லின் துணியை எடுத்தார்கள். எல்லோரும் விருந்துக்குப் போன பிறகும் ரீப்பெகா கல்லின் முன்னாலேயே நின்றாள். "கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன், நோர்ம். நீ படி" என்றாள். கண்ணாடி அவள் கழுத்தில்தான் தொங்கிற்று. நான் விரலை வைத்துப் படித்தேன். அவன் பெயர், பிறந்த நாள், போன நாள், பிள்ளைகள் எழுதச் சொன்ன இரண்டு வரி. அதற்குக் கீழே வெறும் கல்தான். விரலை எடுக்காமல், "தன் துப்பாக்கியை ஒருநாளும் வெட்டாதவன்" என்று அதையும் படித்தேன்.

"அப்படியா போட்டிருக்கு?" என்றாள்.

"ஆமா," என்றேன். "பெரிய எழுத்துல போட்டிருக்கு."