குன்றின் மேல் வெள்ளம்

"பேஸ்மென்ட்ல வெள்ளம் வந்துடுச்சு," என்று சொல்லிவிட்டு ஆர்லன் போனை வைத்தான். மறுமுனையில் ஜோலீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காதில் விழாதது போல் வைத்துவிட்டான்.

அடுப்பருகே கோரின் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"யார் வீட்டு பேஸ்மென்ட்ல?"

"நம்ம வீட்டுல."

"நம்ம வீடு குன்று மேல இருக்கு ஆர்லன்."

"தெரியும்."

"ஏரி பொங்கினா ஊரே இங்கதான் ஏறி வரணும்."

"தெரியும்னு சொல்றேன்ல."

ஏப்ரல் பதிமூன்று. வருமான வரிக் கணக்குக் கொடுக்க இன்னும் இரண்டே நாள். புல்வெட்டியும் பனி அள்ளும் இயந்திரமும் பழுது பார்க்கும் அவன் கடையின் ஒரு வருட ரசீதுகள் நிலவறை அலமாரியில், நான்கு காபி டப்பாக்களில் கிடந்தன. குளிர்காலத்தில் பிரித்து அடுக்கியிருக்கலாம். குளிர்காலம் முழுக்க அவன் உறைந்த ஏரியின் மேல் குடிசை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வருஷமும் கடைசி நேரத்துல டப்பாவோட வந்தா வேற ஆளப் பாத்துக்கோ," என்று போன வருடமே சொல்லியிருந்தாள் கணக்காளர் வெர்னா. வேறு ஆள் இல்லை. சுற்றுவட்டாரத்தில் டப்பாவை அப்படியே வாங்கிக்கொள்பவள் அவள் ஒருத்திதான். அவளும் கைவிட்டால் அவன் கதி அதோகதி.

அக்டோபர் வரை அவகாசம் கேட்கலாம் என்று அவனுக்குத் தெரியும். அதற்குத் தக்க காரணம் வேண்டும் என்றும் தெரியும். வெர்னாவின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜோலீனிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான்.

"உடம்பு சரியில்லன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் கோரின்.

"நேத்து சர்ச்சுல வெர்னா கண் முன்னாடி மூணு டோனட் தின்னேன்."

போன் அடித்தது. வெர்னா அலுவலக எண். அவன் எடுக்கவில்லை.

இருபது நிமிடத்தில் வாசலில் ஒரு வண்டி நின்றது. ஊர்த் தீயணைப்புக் குழுவின் மைரன், தண்ணீர் இறைக்கும் மோட்டாரோடு இறங்கினான்.

"ஜோலீன் சொன்னா. சர்ச் பொம்பளைங்களும் சாப்பாடு எடுத்துட்டு வர்றாங்க."

"வடிஞ்சிடுச்சு மைரன்."

"எங்க வடிஞ்சுது?"

"கீழ."

"அதாம்ப்பா பேஸ்மென்ட். அதுக்குக் கீழ ஒண்ணும் கிடையாது." மைரன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "அதிர்ச்சில பேசற. ஈரம் நின்னா பூஞ்சை பிடிக்கும். பெரிய ஃபேன் ரெண்டு எடுத்துட்டு வர்றேன்."

வண்டி திரும்பியதும் ஆர்லன் தோட்டத்துக் குழாய்க்கு ஓடினான். நிலவறைத் தரையை லேசாக நனைத்தால் போதும்.

ரப்பர் குழாய் போன வருடம் மாட்டியபடியே இருந்தது. 'பனி விழுமுன் ரப்பர் குழாயைக் கழற்றுங்கள்' என்று ஒவ்வொரு அக்டோபரிலும் கடை வாசலில் எழுதி வைப்பவன் அவன்தான்.

திருகினான். தண்ணீர் வரவில்லை. முழுக்கத் திருகினான். அப்போதும் வரவில்லை.

உள்ளேயிருந்து கோரினின் நிதானமான குரல் வந்தது.

"ஆர்லன், பேஸ்மென்ட்ல மழை பெய்யுது."

ரப்பர் குழாயைக் கழற்றாததால் உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து, சுவருக்குள் இருந்த குழாய் குளிரில் எப்போதோ வெடித்திருந்தது. தோட்டத்துக் குழாயைத் திருகி மூடத் தோன்றாமல் அவன் கீழே ஓடி, வீட்டுக்கே தண்ணீர் வரும் பெரிய வால்வைப் பிடித்து மூடப் பார்த்தான். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. தடுமாறி மோதியதில் அலமாரி சரிந்தது. நான்கு டப்பாக்களும் மிதந்தன. மூடிகள் ஒரு பக்கம் போயின, ரசீதுகள் ஒரு பக்கம் நீந்தின.

மைரன் திரும்பி வந்து வால்வை அடைத்தபோது தண்ணீர் முழங்காலைத் தொட்டிருந்தது.

"குன்று மேல வெள்ளமான்னு வழியெல்லாம் சிரிச்சுட்டே வந்தேன்," என்றான். "மன்னிச்சுக்கப்பா."

மதியத்துக்குள் கூடத்தின் குறுக்கே கொடி கட்டி, சர்ச் பெண்கள் ரசீதுகளை ஒவ்வொன்றாகக் கிளிப் மாட்டிக் காயவைத்தார்கள். மூத்தவள் ஹில்டி சத்தமாகப் படித்துக்கொண்டே மாட்டினாள்.

"மீன் புழு, ஆறு டப்பா. ஏன் ஆர்லன், புல்வெட்டிக்குப் புழுவா போடற?"

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அப்போது ஜோலீன் உள்ளே வந்தாள். கையில் ஒரு உறை.

ஆர்லன் எழுந்து நின்றான். "ஜோலீன், வெர்னாகிட்ட சொல்லிடு. வெள்ளமே வரல. நான் சொன்னது பொய்."

"பொய்யா?" என்றான் மைரன். "அப்போ என் பூட்ஸுக்குள்ள இருக்கறது என்ன?"

"இது அப்புறம் வந்தது. டப்பாவ நான் தொடவே இல்ல. மீன் பிடிச்சுட்டிருந்தேன். டைம் கேக்க ஒரு காரணம் வேணும்னு..."

ஜோலீன் கொடியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். உறையை நீட்டினாள்.

"உங்களுக்கு அக்டோபர் வரைக்கும் டைம் கேட்டு வெர்னா மார்ச்லயே வரி ஆபீஸுக்கு ஃபார்ம் அனுப்பிட்டாங்க. இது அதோட காப்பி. அதச் சொல்லத்தான் காலையிலேர்ந்து நாலு தடவை கூப்பிட்டேன். டப்பாவ மெதுவா கொண்டு வரச் சொன்னாங்க."

ஆர்லன் படிக்கட்டில் உட்கார்ந்தான். கோரின் அவன் தோளில் ஒரு உலர்ந்த துண்டைப் போட்டாள்.

"வெர்னா நல்லவங்க," என்றான். பிறகு கேட்டான். "என்ன காரணம் எழுதினாங்க?"

"காரணமா?" என்றாள் ஜோலீன். "அந்த ஃபார்ம்ல காரணம் எழுத இடமே கிடையாதே."