மக்கிப் போன மயிலாப்பூர் வேட்டி

படித்தவனுக்கு மூளையும் கூடவே இருக்கும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. பெண்ணைப் பெற்றவர்களிடம் இது கொஞ்சம் அதிகம். என்னை நேரில் பார்த்த அன்றே என் மாமனாருக்கு அது சுத்தமாகப் போய்விட்டது.

அப்போது நான் தரமணியில் ஆராய்ச்சி மாணவன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில், மர நிழலில் இருக்கும் மண் எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. (காப்பியைக் குடித்துவிட்டுப் போனால் போதாதா என்று கேட்காத உறவினர் இல்லை.) அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. சுத்தப் பருத்தித் துணியைப் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்ட வேண்டும். பூஞ்சையும் நுண்ணுயிரும் நிறைய இருந்தால் துணியைத் தின்று தீர்த்திருக்கும். துணி நாசமானால் மண் நல்ல மண்.

துணிக்கு எங்கே போவது? கூடப் படித்த ரேவதி, மயிலாப்பூர் வீட்டிலிருந்து அப்பாவின் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்ததால், வருங்கால மாமனார் வேட்டியில் எனக்கும் பங்குண்டு என்று நானே தீர்ப்பெழுதிக் கத்தரிக்கோலை எடுத்தேன். (என்ன ஒரு தொலைநோக்கு!)

இரண்டு மாதம் கழித்து ஏற்காட்டில் தோண்டிய துண்டுகளை அலசி, எந்த மண் என்று சீட்டு எழுதிக் கட்டி, அடையாறு அறையின் பால்கனிக் கொடியில் காயப்போட்ட ஞாயிற்றுக்கிழமையன்று, ரேவதி தன் அப்பா அம்மாவோடு வந்தாள். அவர்கள் சரி என்றால்தான் கல்யாணம் என்று முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள். நான் புதுச் சட்டை, முறுக்குத் தட்டு சகிதம் தயார். கொடியைத்தான் மறந்துவிட்டேன்.

காற்று வாங்கப் பால்கனிக்குப் போன ரேவதியின் அப்பா திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். கையில் ஒரு துண்டு. ஒப்பிட்டுப் பார்க்க மர நிழலே இல்லாத வெயில் மண்ணில் புதைத்த துண்டு என்பதால் அதிலிருந்த சலவைக் குறி அப்படியே இருந்தது.

"இது என் வேட்டி."

"ஆமா அங்கிள். மண்ணுல புதைச்சு வெச்சிருந்தேன்."

பெரிய அரிச்சந்திரன்! பின்னாலேயே வந்த ரேவதியின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ! கட்டின துணிய புதைச்சிருக்கான், சீட்டு வேற எழுதிக் கட்டியிருக்கான். இது சூனியம்ங்க! அதான் உங்களுக்கு ரெண்டு மாசமா முட்டி வலி!"

அதோடு வாயை மூடியிருக்கலாம். விட்டேனா? "சூனியமில்ல ஆன்ட்டி, சயின்ஸ்! இது வெயில் மண்ணு, துணி அப்படியே இருக்கு, வேஸ்ட். இதப் பாருங்க, பலாமர நிழல். இலை உதிர்ந்து மக்கி, பூஞ்சை, புழுவெல்லாம் பெருகி, ஓரம் மட்டும்தான் மிச்சம். பிரமாதம் இல்ல?"

ரேவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் அப்பா அந்த ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார். "முழு வேட்டி போய் நூலா வந்திருக்கு. அதையும் பிரமாதம்ங்கறீங்க. உங்கள நம்பி பொண்ண எப்படி தம்பி குடுக்கறது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோதனையைத் திரும்பச் செய்யலாம், ரேவதிக்கு எங்கே போவேன்?

"அப்பா, எடுத்துக் குடுத்தது நான்தான்," என்றாள் அவள். "அப்புறமா எடுத்த உங்க வேட்டி இன்னும் ரெண்டு ஏற்காட்டு மண்ணுக்குள்ள கிடக்கு. அடுத்த வாரம்தான் தோண்டணும்."

அவர் அந்த ஓரத்தைத் திரும்பக் கொடியிலேயே மாட்டினார். பிறகு மனைவியிடம், "கிளம்பு, கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம். இவளை வேற எவன் தலையில கட்டினாலும் அவன் வேட்டியும் போயிடும்" என்றார்.

இன்றும் தீபாவளிக்குத் தீபாவளி தி.நகரில் கடை கடையாக ஏறி எனக்கு வேட்டி எடுக்கிறார். பருத்தியை எடுத்துப் போட்டால், "மக்காததா இருந்தா காட்டுப்பா" என்பாராம். சுத்தப் பாலியஸ்டர். அதைக் கட்டிக்கொண்டு அத்தனை உறவினர் நடுவில் நான் வெந்துகொண்டிருக்க, "என்ன மாப்பிள்ளை, நல்லா உழைக்குதா?" என்று கேட்பார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது ரேவதிதான்.