வெள்ளிக்கிழமை விழுந்த தவணை

ஒருநாள் வகுப்பு கேட்டுவிட்டு நிபுணராகிறவர்களிடமிருந்து பொதுமக்களைக் காப்பாற்ற இந்த நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் முதல் ஆளாக நான் உள்ளே போயிருப்பேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரிக்கு மேலே எனக்கு ஓர் அறை. கடைக்காரர்களுக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது தொழில். அதில் சோறு கிடைக்கும், பெயர் கிடைக்காது. (அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெயர்தான் அதிகம் பசித்தது.) வரிப் பாக்கியில் சிக்கியவர்களை மீட்டுவிடுவதுதான் இனி எதிர்காலம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆன்லைனில் ஒருவர் பேசினார். திங்கட்கிழமையே போர்டு எழுதக் கொடுத்துவிட்டேன்: ‘வரிப் பாக்கியா? வாங்க, பேசித் தீர்ப்போம்!’

அப்பா வந்து பார்த்தார். “கட்டப்பஞ்சாயத்துக்குப் போடுற போர்டு மாதிரி இருக்கு” என்றார்.

போர்டைப் பார்த்து முதலில் படியேறியது முத்தையா அண்ணனும் அவர் மனைவி ஈஸ்வரி அக்காவும். வத்தலக்குண்டில் மோட்டார், பைப் கடை. பழைய கணக்கு ஒன்றில் வரி, வட்டி, அபராதம் என்று அதிகாரிகள் போட்டுவிட்டு, கட்டவில்லை என்று பேங்க் கணக்கையும் முடக்கியிருந்தார்கள்.

“சரக்கு எடுக்கப் பணம் அனுப்ப முடியல பாப்பா” என்றார் அண்ணன். “இன்னும் ரெண்டு மாசம் இப்பிடியே போனா ஷட்டரை இழுத்துற வேண்டியதுதான்.”

“பழைய ஆடிட்டரு பாப்போம் பாப்போம்ங்கிறாரு. நீ முடிச்சுக் குடுத்துருவியா?” என்றார் அக்கா.

“முடிஞ்சிருச்சுன்னே வச்சுக்கங்கக்கா.”

(வாய்தான். வேறென்ன.)

இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை, முடித்தேன். ஒரே ஒரு படிவம் போதும் என்ற இடத்தில் பதினொரு பக்கம் உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். பாக்கியைப் பன்னிரண்டு தவணையாகக் கட்டலாம், மாதாமாதம் இருபதாம் தேதி என்று உத்தரவு வந்தது. பேங்க் கணக்கும் திறந்துவிட்டது. அண்ணன் ஒரு தார் சிறுமலை வாழைப்பழத்தோடு வந்தார். ‘இன்னொரு குடும்பம் காப்பாற்றப்பட்டது’ என்று வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். அந்த ‘இன்னொரு’வுக்கு முன்னால் ஒரு குடும்பமும் கிடையாது.

இரண்டு தவணை ஒழுங்காகப் போனது. மூன்றாவது இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை.

காலையில் போன் செய்தேன். “அண்ணே, இன்னைக்குக் கட்டணும்.”

“பணம் ரெடியா இருக்கு பாப்பா. ஆனா வெள்ளிக்கிழமையா இருக்கே. அம்புட்டுப் பணத்தையும் இன்னைக்கு வெளிய விடுறதான்னு ஒங்கக்கா மொகத்தைத் தூக்கி வச்சிருக்கா.”

இந்த இடத்தில் ஒரு நிபுணர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆனால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் சர்க்கரைகூடக் கடன் கொடுக்கமாட்டோம். லட்சுமி கூடவே கிளம்பிவிடுவாள். இருபத்தாறு வருட வளர்ப்பு, ஒருநாள் வகுப்பு. எது ஜெயிக்கும்?

“ஆமால்ல? சரிண்ணே, நாளைக்குக் கட்டிருங்க. ஒருநாள்தானே!”

சனிக்கிழமை ராகுகாலம் முடிந்து, பத்து முப்பத்தொன்றுக்கு அண்ணன் கட்டினார். ரசீதை அனுப்பினார். நான் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன்.

அடுத்த வாரமே பேங்க் கணக்கு மறுபடி முடங்கியது. அண்ணன், அக்காவோடு வரி அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். நம்பிக்கை வந்தது.

“உத்தரவோட கடைசிப் பத்தியைப் படிச்சீங்களாம்மா?”

படித்திருக்கவில்லை. முதல் பத்தியிலேயே ஸ்டேட்டஸ் வைக்கப் போய்விட்டேன். ஒரு தவணை தேதி தப்பினால் மிச்சம் மொத்தத்தையும் உடனே கட்ட வேண்டும் என்று தெளிவான தமிழில் இருந்தது.

“சார்... அன்னைக்கு வெள்ளிக்கிழமை சார்.”

அவர் என்னைக் கருணையோடுதான் பார்த்தார். “எங்க வீட்லயும் வெள்ளிக்கிழமை குடுக்கமாட்டோம்மா. ஆனா வாங்கலாம்ல? கவர்மெண்டு வாங்குற பக்கம்.”

பின்னால் இருந்த கிளார்க் சிரித்த சிரிப்பில், குடித்துக்கொண்டிருந்த டீ கோப்பின் மேல் தெறித்தது. அந்தக் கோப்பும் எங்களுடையதுதான்.

திரும்ப மனுப் போட்டேன், கெஞ்சினேன், நடையாக நடந்தேன். ஒன்றும் அசையவில்லை. கடையில் பாதி அலமாரி காலியான ஒரு நாளில் ஈஸ்வரி அக்கா கழுத்துச் சங்கிலியையும் நான்கு வளையல்களையும் அடகு வைத்து மொத்தத்தையும் கட்டினார். கடை பிழைத்தது. வாங்கிய ஃபீஸை நீட்டினேன்.

“இருக்கட்டும் பாப்பா. வெள்ளிக்கிழமைன்னு நாங்களுந்தானே சொன்னோம்” என்றார் அண்ணன். அதற்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

போர்டை அன்றைக்கே கழற்றினேன். ஆனால் அவர்கள் என்னை விட்டுப் போகவில்லை. மாதாந்தரக் கணக்கு இன்னும் என்னிடம்தான். நாலு வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் ஈஸ்வரி அக்கா போன் செய்கிறார். “பாப்பா, விடிஞ்சா வெள்ளிக்கிழமை. ஏதாச்சும் கட்டணுமின்னா இப்பவே சொல்லிப்புடு.” ஒன்றும் இல்லை என்றால், “நல்லாப் பாத்துச் சொல்லு” என்பார். அந்த நேரத்துக்கு என் போன் அடித்தாலே அப்பா கூடத்திலிருந்து கத்துவார்: “ஏய், லட்சுமி லைன்ல இருக்கா!” வீடே சிரிக்கும். வந்த விருந்தாளிக்கு முதலிலிருந்து கதை சொல்லப்படும்.

நானும் சிரித்துக்கொண்டேதான் போனை எடுக்கிறேன். சங்கிலியைத் திருப்பியாச்சா அக்கா என்று மட்டும் இன்னும் கேட்டதில்லை.