தேதி தீர்ந்த காலண்டர்

உலகத்திலேயே கலரைக் கலராக மட்டும் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் சிவகாசி கலர் பாய்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

என் பைண்டிங் கடைக்குப் பக்கத்தில் அவருடைய ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை. வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடிப்பார். மற்ற நேரமெல்லாம் வலைத்துணிச் சட்டத்தில் மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் இழுத்து, அட்டையில் கலர் மேல் கலராக ஏற்றிக்கொண்டிருப்பார். உருவம் என்று ஒன்றும் இருக்காது. மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம் எப்படி நிற்கிறது என்பதுதான் படம்.

ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி பெட்டிக்கு லேபிள் ஆர்டர் கொடுத்தார். பாய் ஆரஞ்சின் மேல் ஊதாவை ஏற்றி அனுப்பிவிட்டார். முதலாளி பதறி ஓடிவந்தார்.

"என்ன பாய், வெடியவே காணோம்?"

"வெடி பெட்டிக்குள்ள இருக்குல்ல மொதலாளி? வெளிய வேற எதுக்கு?"

லோடு முழுக்கத் திரும்பி வந்தது. பாய் அசரவே இல்லை.

ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். ஒரு வருஷம் பாயும் வெறும் கலரிலேயே ஒன்று போட்டார். வாடிக்கைக் கடைகளுக்குக் கொடுக்கக் காலண்டர் தேடி வந்த விருதுநகர் பருப்பு மண்டி அண்ணாச்சி அதைத்தான் கை காட்டினார்.

"எந்தச் சாமியப் போட்டாலும் ஒருத்தர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுதாக. இதையே அடிங்க பாய்."

தேதித்தாள் கட்டை அட்டையில் தைத்தவன் நான். விருதுநகர் பஜாரில் கடைக்குக் கடை அது தொங்கியது. பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"தேதி பாக்கத்தான்லே மாட்டிருக்காக. தேதி தீந்த பொறவும் செவத்துல கெடந்தாத்தான் அது படம். சாமி படத்தக் கழட்ட யாருக்கும் மனசு வராது. என் கலருக்கு எந்தச் சாமி தொணை?"

புது வருஷம் பிறந்ததும் என் பைக்கில் ஏறி உட்கார்ந்து, "விடுலே விருதுநகருக்கு" என்றார். முதல் கடையில் படத்தைக் காணோம். அடுத்த கடையில் அந்த அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். "போதும், வண்டியத் திருப்பு" என்றார் பாய். நான் கேட்கவில்லை, நேரே மண்டிக்கு விட்டேன்.

அங்கே புதுக் காலண்டர் வேறொரு ஆணியில் தொங்கியது. கல்லாவுக்கு எதிரே, தேதியே இல்லாமல், பாயின் படம்.

"ஏன் அண்ணாச்சி, இன்னும் கழட்டலையா?" என்று கேட்டேன்.

"கழட்டிப் பாத்தேன் தம்பி. செவரு மூளியா இருந்துச்சு. திரும்ப மாட்டிட்டேன்."

பாய் கிட்டே போனார். படத்தை நேராக்குவது போல அதன் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆர்டர் கொடுத்தவரே அண்ணாச்சிதான் என்று தெரிந்தும் அவரிடமே சொன்னேன்: "எங்க பாய் அடிச்சது, அண்ணாச்சி."