நைனா சாவுக்கு வந்த ஆடிட்டர்கள்

எங்கள் தொழிலில் பரீட்சை பாஸ் பண்ணினாலும் பள்ளிக்கூடம் விடாது. ஆடிட்டராகித் தலை நரைத்த பிறகும் வருஷா வருஷம் இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். குறைந்தால் கையெழுத்துப் போடும் உரிமைக்கே ஆபத்து. முட்டி மோதிப் பாஸ் செய்த எனக்கு (எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்) அந்த உரிமைதான் உயிர்.

அந்த வருஷம் நைனாவுக்கு உடம்பு முடியாமல் போனது. எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் வகுப்பெல்லாம் போச்சு. மிச்சமிருந்தது வருஷக் கடைசியில், ஆன்லைனில், ஒரே ஒரு வகுப்பு. அன்று காலை நைனா போய்விட்டார்.

டெல்லியிலிருந்து தம்பி வர மறுநாளாகும். ஓரிக்கையில் எங்கள் வீட்டு ஹாலில் ஃப்ரீசர் பெட்டி இறங்கியது. ஊரே அழுதது. எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. மதிய வகுப்பு ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. நிலைமையைச் சொல்லியிருந்தால் அவகாசம் கொடுத்திருப்பார்களாம். அதைக்கூடக் கேட்கத் தோன்றாத மகா புத்திசாலி நான்.

பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து (ஃபோன் சார்ஜர் அங்கேதான் எட்டியது) ஹெட்செட்டை மாட்டினேன். கேமராவில் முகம் தெரிய வேண்டும். நடுநடுவே திரையில் வரும் கேள்விக்குப் பதிலை அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆப்சென்ட். சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வரிச் சட்டத் திருத்தம் நடத்தினார். நான் பயபக்தியோடு தலையாட்டினேன்.

அப்போதுதான் அத்தை வந்தாள், நைனாவின் தங்கை. வர முடியாத சொந்தங்களுக்கு வீடியோ காலில் நைனா முகத்தைக் காட்டுவதுதான் காலையிலிருந்து அவளுக்கு வேலை. என் ஃபோனில் கட்டம் கட்டமாக முகங்களைப் பார்த்துவிட்டாள்.

“இத்தினி பேரு காத்துக்கினு இருக்காங்க, நீ உம்மூஞ்சியக் காட்டிக்கினு இருக்கியே!”

ஃபோனைப் பிடுங்கினாள். ஹெட்செட் கழன்றது. கை பட்டு மைக்கும் ஆனாகிவிட்டது. ஃபோனை நைனா பக்கம் திருப்பினாள்.

“நல்லா பாத்துக்கோங்கபா. எங்கண்ணன் எப்படித் தூங்கிக்கினு இருக்குது பாருங்க. அழாதீங்கபா. ஆமா, நீங்கல்லாம் எப்ப வர்றீங்க?”

வரிச் சட்டம் பாதியில் நின்றது. திரையில் ஒவ்வொருவராக எழுந்து கைகூப்பினார்கள். யாரோ ஒருவர் மட்டும் (அவருக்கும் மணி நேரம் குறைவு போல) “சார், அடுத்த கேள்வி வந்துடுச்சா?” என்றார். பெரியவரோ “காலைல வந்துடறேம்மா” என்று அத்தையிடம் சொன்னார்.

அவ்வளவுதான். அத்தனை ஆடிட்டர்களும் பார்க்க, பெட்டியைக் கட்டிக்கொண்டு, என் நைனா என் நைனா என்று கதறினேன்.

மறுநாள் பெரியவர் மாலையோடு நிஜமாகவே வந்தார், கூட இரண்டு ஆடிட்டர்கள். அத்தை அவர்களைப் பங்காளிகள் என்றே முடிவு கட்டி வாய்க்கரிசி போட வரிசையில் நிறுத்திவிட்டாள். நான் தடுப்பதற்குள் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, அரிசியைப் போட்டார். எனக்கு அவகாசம் வாங்கித் தந்ததும் அவர்தான்.

அதிலிருந்து வீட்டில் காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் தம்பி கேட்பான்: “அக்கா, நம்ம ஆடிட்டர் பங்காளிங்களுக்குச் சொல்லிட்டியா?” எல்லோரும் சிரிப்போம்.

போன மாதம் அவன் லீவில் வந்திருந்தபோது அந்தப் பெரியவர் காலமான செய்தி வந்தது. அத்தைதான் வாயைத் திறந்தாள்.

“பங்காளி சாவாச்சே. எல்லாரும் போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்கோங்கபா.”

முதலில் எழுந்து போனவன் தம்பி.