இனிமேல் இதுதான் வெள்ளை

முதலில் ஆலைச் சங்குதான் கேட்டது. சலவைக்கடைக்காரி அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? சங்கு ஊதினால் புகை வரும், புகை வந்தால் கரி விழும், கரி விழுந்தால் கொடியில் காயும் ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் கரித்துணி.

"நமக்குத்தான் ஊதுறான்," என்றார் அவள் வீட்டுக்காரர், துவைக்கிற தொட்டியிலிருந்து தலை நிமிராமல்.

வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டில் எரிக்கக் கூடாத பழைய டயர்களை நம்மிடம் அனுப்பி எரித்து எண்ணெய் எடுக்க, இரு அரசுகள் பூச்செண்டு மாற்றிப் போட்ட வணிக ஒப்பந்தத்தின் திருப்பயன் அந்த ஆலை. இன்னொரு முறை விரிப்பு சாம்பல் நிறமாக வந்தால் வேலை வேறு ஆளுக்கு என்று ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் சொல்லிவிட்டார். அவள் மனுப் போட்டாள். அதிசயம், அதிகாரி வந்தேவிட்டார்.

"கரி விழுது சார்."

"அது ஒப்பந்தப்படி விழுதும்மா. நீங்க வெள்ளையாத் துவைக்கிறீங்க பாருங்க, அதான் சிக்கல். கறுப்புத் துணியில கரி தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ குத்தம் கரியோடதா, வெள்ளையோடதா?"

"புகைபோக்கியில ஒரு வடிகட்டி வைக்கச் சொல்லக் கூடாதா சார்?" என்றார் வீட்டுக்காரர்.

"சொல்லலாம். எதிர்பார்த்த லாபம் போச்சுன்னு கம்பெனி வழக்குப் போடும். நஷ்டஈடு நீங்க கட்டுவீங்களா?"

இருந்தாலும் அதிகாரி ஈரநெஞ்சுக்காரர். ஒரு விரிப்பில் கையகலத் துண்டு வெட்டி, மேலிடத்தின் மேலான கவனத்துக்கு அனுப்பிவைத்தார். பொதுநலன் கருதி ஆணை பிறந்தது: மேற்படி துண்டின் நிறமே இனி வெள்ளை.

"யானைக்கும் பானைக்கும் சரியாப் போச்சு," என்றார் வீட்டுக்காரர்.

ஆஸ்பத்திரி வாயை மூடிக்கொண்டது. இளவட்டங்கள் 'ஒப்பந்த வெள்ளை'யில் சட்டை தைத்துத் திரிந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் விலையை ஏற்றினார். ஊரே இருமிக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தது. விரிப்புகள் வெள்ளையாகவே இருப்பதால் காற்று சுத்தம் என்று அறிக்கை போனது.

ஒரு வாரம் டயர்க் கப்பல் வரவில்லை. ஆலை நின்றது. விரிப்புகள் வெயிலில் பளீரென்று காய்ந்தன. அவளுக்கு மனசே குளிர்ந்துபோனது. நறுவிசாக மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூட்டை அன்றைக்கே திரும்பி வந்தது, கூடவே ஸ்டோர்காரரும்.

"என்னக்கா இது, கண்ணு கூசுது? துவைக்காம அனுப்பிட்டாங்கன்னு நோயாளிங்க சண்டைக்கு வர்றாங்க."

"வெள்ளைதானே தம்பி இது?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவள் ஒன்றைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கும் அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மறுநாள் கப்பல் வந்தது, ஆலை ஓடியது. அவள் திரும்பி வந்த மூட்டையை அவிழ்த்து, காய்ந்த விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட ஆரம்பித்தாள்.