அமைதியான பையனுக்கு வீடு இல்லை

மதுரையில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் அத்தனை பேரும் கல்யாணமாகாத பையனிடம் சொல்லும் முதல் வார்த்தை, 'சத்தம் போடக் கூடாது' என்பதுதான். 'சத்தம் போடாதவனுக்கு இங்க எடமில்ல' என்று சொன்ன ஒரே ஜீவன், எனக்குத் தெரிந்து, காளவாசல் சைக்கோ அக்கா.

பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். அக்கா கொசுவை அடிப்பதற்கே யோசிப்பவர். தொழில், இட்லி மாவு அரைத்து விற்பது. ஆனால் வரிசையாக ஆட்களைக் கொன்று மாட்டிக்கொண்ட கொலைகாரர்கள் பற்றி உலகத்தில் எந்த மூலையில் எவர் வீடியோ போட்டாலும், தமிழில் கிடைத்தால் அக்கா கேட்டுவிடுவார். கிரைண்டர் ஒரு பக்கம் ஓடும். செல்போன் ஒரு பக்கம் கத்தும். எவனைப் பற்றிப் பேசினாலும் 'அந்த சைக்கோப் பய' என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் தெருவே அப்படி ஒரு பெயரை வைத்துவிட்டது. அக்காவுக்கும் அதில் வருத்தமில்லை.

நான் அப்போது காளவாசலில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளன். 'விலை ஜாஸ்தியா இருக்கே' என்று வாடிக்கையாளர் சொன்னால், 'ஆமா சார்' என்று ஒத்துக்கொள்கிற ரகம். வயது முப்பத்திரண்டு. பெண் அமையவில்லை. டி. கல்லுப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். அப்பா ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டார்: "டவுனுல ஒரு வீடு வாசல்னு இருந்தாத்தான்டா பொண்ணு குடுப்பாக. பஸ்ஸுலயே குடும்பம் நடத்துறவனுக்கு எவன் குடுப்பான்?"

ஆக, ரூம் கிடைத்தால்தான் கல்யாணம் என்ற நிலையில் அக்காவின் முன்னால் போய் நின்றேன். மாடியில் இரண்டு அறைகள். ஒன்று காலி. அக்கா மாவுக் கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, கோவம் வருமா ஒனக்கு?"

"சேச்சே, வராதுக்கா."

"யாருகூடயாச்சும் சண்ட போட்டுருக்கியா?"

"இல்லக்கா. நான் உண்டு, என் வேல உண்டுனு இருப்பேன்."

அக்கா முகம் மாறிவிட்டது. "இதத்தான்டா சொல்லுவாய்ங்க! ஒவ்வொரு சைக்கோவையும் புடிச்சதுக்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட மைக்க நீட்டுனா, 'ரொம்ப அமைதியான பையன் சார், அவரு உண்டு அவரு வேல உண்டுனு இருப்பாரு'ன்னுதான் சொல்லுவான். சத்தம் போடுற எவனும் இதுவரைக்கும் சிக்குனதில்ல."

வந்த வழியே திரும்ப இருந்தவனை, கடைசி வாய்ப்பாக ஒரு பரீட்சை வைத்து உட்கார வைத்தார். அக்காவிடம் ஒரு பூனை உண்டு. பெயர் சாட்சி. கொலைகாரர்கள் சின்ன வயதிலேயே வாயில்லா ஜீவன்களை வதைப்பார்களாம். அவர்கள் வாடை பூனைக்குத் தெரியுமாம். சாட்சியைத் தூக்கி என் மடியில் வைத்தார். அது ஓடினால் நானும் ஓட வேண்டியதுதான். மத்தியானம் நான் சாப்பிட்டிருந்த நெத்திலிக் கருவாடு என்னைக் காப்பாற்றியது. சாட்சி என் விரல்களை நக்கிவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டது.

பக்கத்து அறையில் ரபீக். செல்போன் பழுது பார்க்கிறவன். சொந்த வீடு மூன்று தெரு தள்ளித்தான். அண்ணன்மார் மூன்று பேருக்கும் கல்யாணமாகி, வீட்டில் இவன் பாய் விரிக்க இடமில்லாமல் போனதால் இங்கே வந்தவன். தினமும் அவன் அத்தாவோடு போனில் பேசுவான் பாருங்கள், போன் இல்லாமலே அவருக்குக் கேட்டிருக்கும். அறை முழுக்க அழுக்குத் துணி. அக்காவுக்கு அவன்தான் செல்லப்பிள்ளை.

"ரூமு குப்பையாக் கெடந்தா மனசுல ஒண்ணுமில்லைனு அர்த்தம்" என்பார்.

நானோ ஞாயிற்றுக்கிழமையானால் பினாயில் ஊற்றிக் கழுவுகிறவன். முதல் வாரமே அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். "எதக் கழுவுற?"

"தரையக்கா."

"தரையில என்ன சிந்துச்சு?"

ஊரிலிருந்து அரிசி மூட்டை கொண்டுவந்த அன்று, வாசலிலேயே மறித்து, சாக்கை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே விட்டார். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினேன். அதை முதலில் திறந்து பார்க்கும் உரிமையை அக்காவே எடுத்துக்கொண்டார். உள்ளே அரை பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் மட்டும் இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா வீட்டு வாசலைப் பார்க்க வேண்டும். மாவு வாங்க வருகிற பெண்கள் பாத்திரத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்குக் கேட்ட கதையை அக்கா எடுத்துவிடுவார். எறும்பு மிதிபட்டால் 'அய்யோ பாவம்' என்கிற பெண்கள், 'எத்தன துண்டுக்கா?' என்று சாதாரணமாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு அதே மூச்சில், 'நேத்து மாவு கொஞ்சம் புளிச்சிருச்சு' என்பார்கள். சரியான இடம் வந்ததும் அக்கா கிரைண்டரைப் போட்டுவிடுவார். மிச்சம் நாளைக்கு. மறுநாளும் மாவு விற்றாக வேண்டுமே.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எதிர்வீட்டு மல்லிகாக்காவிடம் கேட்டேன், "இம்புட்டுக் கொடூரத்தப் போயி எப்பிடிக்கா ஆசையாக் கேக்குறீங்க?"

அவர் வெட்கத்தோடு சொன்னார்: "இதக் கேட்டுட்டுப் போனா, எங்க வீட்டு மனுசன் தங்கமாத் தெரியிறாரு தம்பி."

கூட்டம் கேட்கிற கேள்வி ஒன்று, அக்கா கேட்கிற கேள்வி வேறு. அவர்கள், 'எப்படிக் கொன்றான்?' என்று கேட்பார்கள். அக்கா மட்டும் வீடியோ ஓடும்போதே செல்போனைப் பார்த்து, "அது கெடக்கட்டும், அந்தப் பிள்ளையக் காணோம்னு எப்பத் தேடுனாக? அதச் சொல்லு" என்று அதட்டுவார். செல்போன் பதில் சொன்னதில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் அக்கா எனக்குக் கெடு வைத்தார். "ரூமுல நேத்தும் சத்தமில்ல. என்ன செஞ்ச?"

"தூங்குனேன்க்கா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாய்ங்க. இந்த மாசத்துக்குள்ள மனுசன் மாதிரிப் பேசு, சிரி, சண்ட போடு. இல்லாட்டி வேற வீடு பாத்துக்க."

அந்த நேரம் பார்த்துத்தான் திருப்பரங்குன்றத்தில் ஒரு பெண் வீட்டார் என் ஜாதகத்தை வாங்கிப் போயிருந்தார்கள். இப்போது ரூமைக் காலி செய்தால் கதை கந்தல். ரபீக்கிடம் புலம்பினேன். "கவலப்படாத மாப்ள, நானிருக்கேன்" என்று அவன் எனக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தான். மறுநாள் காலை மாடிப்படியில், ஒரு வாளிக்காக என்று அரங்கேற்றம்.

"என் வாளிய எதுக்குடா எடுத்த?" என்றேன், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல.

"சத்தமா மாப்ள, சத்தமா" என்று காதில் கிசுகிசுத்துவிட்டு, ரபீக் ஊருக்கே கேட்கும்படி, "ஆமா, எடுத்தேன்! ஒன் சோப்பும் நான்தான் எடுத்தேன்! ரெண்டு மாசமா நான்தான் எடுக்குறேன்!" என்று கத்தினான்.

சோப்பு விஷயம் எனக்குப் புதுச் செய்தி. அதற்கப்புறம் நான் போட்டது நடிப்பில்லை. தெருவில் போன ஷேர் ஆட்டோ நின்று பார்த்துவிட்டுப் போனது. கீழே அக்கா கைகட்டி நின்று, கச்சேரி கேட்பதுபோலக் கேட்டார். அன்று எங்கள் இருவருக்கும் மாவு இலவசம். அந்த வாரம் கடையிலும் ஒருவரிடம், 'விலை ஜாஸ்திதான், சரக்கு அப்படி' என்று சொல்லி விற்றேன். முதலாளியே எட்டிப் பார்த்தார்.

பத்து நாள் கழித்துப் பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை விசாரிக்க எங்கள் தெருவுக்கு வந்தார். நம் வழக்கம் தெரியுமல்லவா? டீக்கடையில் கேட்பார்கள், பெட்டிக்கடையில் கேட்பார்கள், கடைசியில் வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். கேட்கப்படுகிற எல்லோரும், 'தங்கமான பையன், இருக்கிற இடம் தெரியாது' என்று ஒரே மாதிரி சொல்ல வேண்டும். தெருவில் அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மட்டும் தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியான நற்சான்றிதழை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"முந்தி பயமாத்தான் இருந்துச்சு. இப்பத் தேவல. நல்லாக் கத்துறான். ஒரு வாளிக்கிக் கழுத்தப் புடிக்கிற அளவுக்குச் சண்ட போடுறான். பினாயிலு ஊத்துறதையும் கொறச்சுட்டான். தைரியமாப் பொண்ணக் குடுங்க."

தாய்மாமன் பைக் போன வேகத்தில் அந்தத் தெருவில் வேறெந்த வண்டியும் போனதே இல்லையாம். சாயங்காலம் அப்பா போன் செய்தார். அந்த இடம் போய்விட்டது.

வாழ்க்கையிலேயே முதல்முறையாக எனக்கு நிஜமான கோபம் வந்தது. வந்தது, ஆனால் கத்த வரவில்லை. அக்காவோடு பேச்சை நிறுத்தினேன். சிரிப்பில்லை, 'வாரேன்க்கா' இல்லை, மாவும் வேறு கடையில். ரபீக் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தான். ஒரு நாள் கடையிலிருந்து உடம்பு நெருப்பாகக் கொதிக்க வந்து படுத்தவன்தான். காய்ச்சல் தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு எத்தனை பொழுது விடிந்தது என்று எனக்குத் தெரியாது. கடையில் நான் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதாக நினைத்தார்களாம். ஊரில் நான் கடையில் இருப்பதாக நினைத்தார்களாம்.

கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தபோது கதவில் இடி விழுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. சைக்கோ எவனாவது வந்தால் மண்டையில் போட அக்கா தலைமாட்டிலேயே ஓர் அம்மிக் குழவி வைத்திருப்பார். அதை வைத்துத் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே நின்றார். கையில் குழவி, காலடியில் பூனை.

டெங்கு. ஆஸ்பத்திரியில் அக்காதான் பக்கத்தில் இருந்தார். ஊசியால் நோயாளிகளைக் கொன்ற நர்ஸ் கதைகள் அவருக்கு அத்துப்படி என்பதால், குளுக்கோஸ் மாட்ட வந்த பெண்ணிடம், "பாட்டிலக் காட்டு. எதுக்கு இது? ஒனக்கு எந்த ஊரு?" என்று விசாரணை வைத்தார். அந்தப் பெண் என் கட்டிலுக்கு வருவதற்குள் ஒரு தரம் சாமி கும்பிட்டுக்கொள்வாள்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் கேட்டேன். "சத்தமில்லாமக் கெடக்கவும், என்னயும் சைக்கோன்னு நெனச்சுத்தானக்கா கதவ ஒடச்சீங்க?"

அக்கா ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, மாவுக்கு உப்பு போட்டாயிற்று என்பதுபோலச் சொன்னார்:

"போடா. அம்புட்டுக் கதையிலயும் அவன் பெரிய கெட்டிக்காரன், அறிவாளின்னு சொல்லுவாய்ங்க. ஒரு மண்ணும் கெடையாது. காணாமப் போனாத் தேட ஆளில்லாத பிள்ளையாப் பாத்துத் தூக்குறான், அம்புட்டுத்தான் அவன் கெட்டிக்காரத்தனம். கூட வேல பாக்குறவன், அவ வீட்டுல இருப்பாள்னு நெனப்பான். வீட்டுல இருக்கவன் வேலைக்கிப் போயிருப்பாள்னு நெனப்பான். எனக்கு அவனப் பாத்துப் பயமில்லடா. அந்தத் தேடாத ஆளுகளப் பாத்துத்தான் பயம். நானும் ஒத்த ஆளாத்தான இருக்கேன்?"

சொல்லிவிட்டு ஒரு சுளையை என் வாயில் திணித்தார். நான் பதில் சொல்லவில்லை. அக்காவும் அன்று ஒரு நாள் என் அமைதியைச் சந்தேகப்படவில்லை.

போன இடம் திரும்பி வந்தது தனிக்கதை. திருப்பரங்குன்றத்துப் பெண்ணும் அக்காவைப் போலவே ராப்பகலாக அந்த வீடியோக்களைக் கேட்கிறவளாம். தாய்மாமன் கொண்டுபோன செய்தியைக் கேட்டுவிட்டு, "அமைதியான பையன்னு சொல்லியிருந்தாத்தான் மாமா பயப்படணும். அந்த வீட்டுக்காரம்மா வெவரமான ஆளு" என்றிருக்கிறாள். அவளைத்தான் கட்டியிருக்கிறேன். என் வீட்டில் இப்போது சத்தத்துக்குக் குறைவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு திருப்பரங்குன்றத்திலேயே குடியேறிவிட்டோம். தினமும் ஆறு மணிக்கு, கதை ஆரம்பிப்பதற்கு முன்னால், அக்காவிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "சத்தத்தக் காட்டு" என்பார். நான் போனை அடுப்படிப் பக்கம் நீட்டுவேன். என் மனைவி என்னைத் திட்டுவது கேட்டதும், "ம், சரி" என்று வைத்துவிடுவார்.

போன மாதம் ஒரு நாள் ஆறு மணி தாண்டியும் போன் வரவில்லை. நான் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. ரபீக் கல்யாணமாகித் துபாய் போய்விட்டான், மாடியும் காலி. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். காளவாசல் நெரிசலில் நான் அடித்த ஹாரனுக்கு எத்தனை பேர் சாபம் விட்டார்களோ தெரியாது. அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கிரைண்டர் சத்தமில்லை. வாசலில் ஒரு பாத்திரம்கூட இல்லை.

"காலையிலருந்து கதவு தொறக்கல தம்பி. எங்கயாச்சும் ஊருக்குப் போயிருப்பாகன்னு நெனச்சோம்" என்றார் மல்லிகாக்கா.

கதவை இரண்டு கையாலும் இடித்தேன். "அக்கா! அக்கா!" என்று நான் போட்ட கூச்சலில் ஷேர் ஆட்டோக்கள் நின்றன. தோளால் முட்டப் பின்னால் நகர்ந்தபோது, தாழ்ப்பாள் விலகியது.

"யாருடா கதவ ஒடைக்கிறது? சைக்கோவா?"

கையில் குழவியோடு, கழுத்தில் மப்ளரோடு அக்கா. சளி பிடித்துக் கிரைண்டரை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறார். செல்போன், முதல் நாள் கதை சொல்லும் வேகத்தில் மாவுக்குள் விழுந்து அரைபட்டுவிட்டதாம்.

"ஆமாக்கா, நான்தான்."

அக்கா என்னைப் பார்த்தார். என் காலில் மாற்றிப் போட்டிருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு குனிந்து பூனையிடம், "பாத்துக்கிட்டியா சாட்சி? ஒரு நாளு தாங்கல. தேடி வந்துருக்கான்" என்றார். தொண்டை கட்டியிருந்ததால்தான் குரல் கம்மியதா என்று எனக்குத் தெரியாது.

வாசல்படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் சத்தமாக அழுதேன். அந்த வீட்டில் அதற்கு என்றைக்கும் தடை இருந்ததில்லை.